தானே நீர் பருகும் தொட்டிக்கு ஏற்ற மண் கலவை

நெசவாளர் வீட்டில் காய்கறி பயிரிடுவதற்கு இடக்குறைவைவிட நேரக்குறைவே பெருந்தடையாக இருந்து வருகிறது. பாவு தறியேறிவிட்டால் தறியில் அமர்பவருக்கு மட்டுமன்றித் தார் சுற்றும் பெண்டிருக்கும் ஓய்வு கிடையாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒருவேளை நீர் தவறினாலும் தொட்டியிலுள்ள தக்காளி வாடிப் பூ உதிர்த்துவிடும். இக்காரணம் பற்றியே, தானே நீர் பருகும் தொட்டிகளைக் குறித்து அங்கத்தினர் பலர் நம்மிடம் விசாரித்து வருகின்றனர். கிணற்று நீர் வற்றும் காலத்தில் வீட்டுத் தேவைக்குக் கறிகாய் வேண்டும் விவசாயி அங்கத்தினருக்கும் இது பயன்படக் கூடியதே.

இத்தொட்டியின் அமைப்பு எளியது. அடியில் நீர் நிற்பதற்கு ஓர் அறை. அதன்மேல் துளைகளிட்ட தட்டு. தட்டின்மேல் மண் கலவை. கலவையின் ஒரு பகுதி, துளையிட்ட கிண்ணம் ஒன்றின் வழியாக நீருக்குள் இறங்கி நிற்கும். அல்லது ஒரு திரி நீரிலிருந்து கலவைக்குள் ஏறும். நீர் ஊற்ற ஒரு குழாயும், மிகுந்த நீர் வெளியேறத் தட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு துளையும் வேண்டும். விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல் கலவை நீரை மேலே இழுத்துக்கொள்ளும். நீரறை காலியாகும் முன் நிரப்பி வந்தால் போதுமானது.

ஆயினும் தொட்டி நன்றாக இருந்துவிட்டால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கருதுவது பிழை. அப்பிழையை நாமே செய்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு தெருவில் இரண்டு தோல்விகள்

சென்ற கோடையில், இராசிபுரத்தை அடுத்த ஒரு நெசவாளர் தெருவில் இரண்டு அங்கத்தினர் வீடுகளில் இத்தொட்டிகள் வைக்கப்பட்டன. முதல் வீட்டார் கலவைக்கு என்ன செய்வது என்று நம்மைக் கேட்டனர். "உங்கள் செம்மண்ணிலேயே தொழுவுரம் கலந்து நிரப்புங்கள்" என்று நாம் யோசனை கூறினோம். ஒரு மாதத்திற்குள் மண் இறுகிப்போயிற்று. அடியில் சேறு, செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகல் நாற்றம் வீசியது.

இரண்டாம் வீட்டு அம்மாள் தம் சிறுசேமிப்பிலிருந்து பணம் எடுத்து, வியாபாரி ஒருவரிடம் ஆயத்தக் கலவை வாங்கிப் பத்துத் தொட்டிகளை நிரப்பினார். அது தென்னை நார்க்கழிவுத் தூள் மிகுந்த, இலேசான கலவை. செடிகள் முதலில் செழித்தன. மூன்றாம் வாரத்தில் இலை விளிம்புகள் கருகின. கலவையின் மேற்பரப்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. அவருக்குக் கைராசி இல்லை என்று அக்கம்பக்கத்தார் பேசினர். அவரும் தொட்டிகளைப் பழைய சாமான் வாங்குவோரிடம் போட்டுவிட முடிவு செய்திருந்தார்.

முதல் வீட்டில் செடி மூச்சு முட்டி இறந்தது. இரண்டாம் வீட்டில் உப்பால் கருகிற்று. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் வீட்டின் நஷ்டத்திற்கு நமது யோசனையே காரணம். இவ்வேளையில்தான் அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவினர், எல்லா அங்கத்தினருக்குமாக மொத்தமாய்க் கலவை வாங்கலாமா என்று நம்மைக் கேட்டனர். ஒரு வீட்டின் நஷ்டம் ஊரின் நஷ்டமாகப் பெருகக் கூடாது என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

கலவைக்கு வேண்டிய குணங்கள்

சாதாரணத் தொட்டியில் நீர் மேலிருந்து கீழே இறங்கி வடிந்துவிடும். இங்கோ நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. இந்த ஒரு மாறுதலினால் கலவைக்கு வேண்டிய குணங்களும் மாறிவிடுகின்றன.

கலவை நீரை உயர்த்த வேண்டும். அதே சமயம் வேருக்குக் காற்றும் வைத்திருக்க வேண்டும். நுண்ணிய துளைகள் நீரை உயர்த்தும். பெரிய துளைகள் காற்றைக் காக்கும். களிமண்ணில் நுண்துளை மட்டுமே உண்டு; ஆகவே எல்லாத் துளைகளிலும் நீர் நிறைந்து வேர் அழுகும். பருமணலில் பெருந்துளை மட்டுமே உண்டு; ஆகவே நீர் சிறிதளவே ஏறி நின்றுவிடும். வயலில் நன்றாக விளையும் செம்மண்ணும் தொட்டிக்குள் நாளடைவில் படிந்து இறுகிவிடும். வயலில் அதனைப் பிளந்து காற்றோட்டம் தரும் உழவும் மண்புழுவும் தொட்டியில் இல்லை.

மூன்றாவது குணம் உப்பின்மை. நீர் மேலேறி ஆவியாகிறது; அதில் கரைந்துள்ள உப்பு ஆவியாவதில்லை. கீழே வடிந்து போவதற்கும் வழியில்லை. ஆகையால் நாள்தோறும் சிறிது சிறிதாக மேற்பரப்பில் சேர்ந்து கொண்டே இருக்கும். சாதாரணத் தொட்டி பொறுத்துக் கொள்ளும் உப்பை இத்தொட்டி பொறுக்காது.

நம் பகுதியில் கிடைக்கும் பொருள்கள்

தென்னை நார்க்கழிவு: பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் தென்னை மிகுதி. நார் எடுத்தபின் எஞ்சும் இத்தூள், தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைத்தும், காற்றுக்கு இடம் விடுவதால் இத்தொட்டிக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் இதில் இரு குறைகள் உண்டு. ஒன்று, சோடியம், பொட்டாசியம் உப்புகள். மற்றொன்று, பச்சைத் தூளில் தழைச்சத்து மிகக் குறைவு. கரிமம் அதைப்போல் நூறு பங்குக்கு மேல் இருப்பதால், மட்கும்போது செடிக்குரிய தழைச்சத்தையும் அது இழுத்துக் கொள்ளும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு இதனை மட்கச் செய்யும் முறையைக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் வகுத்துள்ளது. அம்முறையில் மட்கியபின் கரிமப் பங்கு 24 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கோழி எரு: நாமக்கல் கோழிப் பண்ணைகளால் இது நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. தழைச்சத்து மிகுந்தது, ஆனால் பச்சையாக இட்டால் அதிலிருந்து எழும் அம்மோனியாவும் உப்பும் வேரைக் கருக்கிவிடும். நன்கு மட்கி, நெடி அடங்கிய எருவையே, அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்த்தல் வேண்டும்.

மரவள்ளித் திப்பி: ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் திப்பியைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கின்றனர். எஞ்சியிருக்கும் மாவு ஈரத்தில் புளித்துச் சூடேறி, வேருக்குரிய காற்றையும் உண்டுவிடும். எருக்குழியில் இட்டு மட்கச் செய்யலாம். நேரே தொட்டியில் இடலாகாது.

உமிக்கரி: அரிசி ஆலைகளில் கிடைப்பது. கலவை இறுகாமல் காக்கும். கறுப்பாக, உமியின் வடிவம் கெடாமல் இருப்பதே கரி. வெளுத்துப் பொடியாகியிருப்பது சாம்பல். சாம்பல் காரத்தன்மை உடையதாதலால் அதனை விலக்க வேண்டும்.

சேலம் வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்து வெண்மண்ணைச் சுண்ணாம்பு எனக் கருதிக் கலப்பதும் தவறு. அது மக்னீசியக் கல். தக்காளிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அது தராது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று

1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் இதே தொல்லை எழுந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவை என்று தோட்டக்காரர் கையாண்டு வந்தமையால், நாற்று ஏன் இறந்தது என்று ஒருவராலும் கூற இயலவில்லை. லாரன்ஸ், நியூவெல் என்னும் இருவர் பல சோதனைகள் செய்து, அளவால் 7 பங்கு மண், 3 பங்கு பீட் என்னும் சதுப்புநிலத் தூள், 2 பங்கு மணல் என்று ஒரு பொதுக் கலவையை வகுத்தனர். அவர்கள் அச்சூத்திரத்தை ஒளிக்காமல் வெளியிட்டதனால், எவரும் அதன்படி கலக்கவும், விற்பவரை அளவு கேட்கவும் முடிந்தது. நூலுக்கு நம்பர் எவ்விதமோ அவ்விதமே கலவைக்குப் பங்களவு. நம்பர் கேளாமல் நூல் வாங்கும் நெசவாளர் உண்டோ?

வாங்குமுன் செய்யத்தக்க மூன்று சோதனைகள்

1. ஏற்றச் சோதனை: பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடியில் துளைகளிட்டு, ஈரப் பதமான கலவையை ஒரு சாண் உயரத்திற்கு நிரப்பி, இரண்டு விரற்கடை நீருள்ள தட்டில் இரவு முழுவதும் நிறுத்துக. காலையில் மேற்பரப்பு தொடுவதற்கு நன்கு ஈரமாக இருந்தால் கலவை நீரை உயர்த்துகிறது.

2. மூச்சுச் சோதனை: ஒரு லிட்டர்ப் பாத்திரத்தின் அடித்துளையை அடைத்து, கலவையை நிரப்பி, மேலே நீர் மினுங்கும்வரை மெதுவாக ஊற்றுக. பின் அடைப்பை எடுத்து, அரைமணி நேரத்தில் வடியும் நீரை அளந்து பார்க்க. வடிந்த நீரின் அளவே காற்றுக்கு உள்ள இடம். 100 மில்லிக்குக் குறைந்தால் வேருக்கு மூச்சு முட்டும். 150 முதல் 200 மில்லி வரை நன்று.

3. உப்புச் சோதனை: இருபது பச்சைப்பயற்றை ஈரத் துணியிலும், இருபதைக் கலவையிலும் இட்டு, ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்க. கலவையில் முளை குறைந்தாலோ, வேர் நுனி பழுப்பேறினாலோ உப்பு அல்லது பச்சை எரு இருப்பதாகக் கொள்க. மொத்தக் கொள்முதலுக்கு இது போதாது. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகி, மின்கடத்துதிறனை அளந்து அறிதல் வேண்டும்.

பங்களவு

அளவால் பத்துப் பங்கில், கழுவி மட்கிய நார்க்கழிவு 5, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 3, உமிக்கரி 2. கோழி எரு சேர்ப்பவர் அதனைத் தொழுவுரத்தின் மூன்று பங்குக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டும். 20 லிட்டர்த் தொட்டி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், ஒரு கைப்பிடி ஜிப்சமும் கலக்கலாம். ஜிப்சம் சுண்ணாம்புச் சத்தைத் தருவதோடு, தூளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விடுவிக்கவும் உதவும்.

பத்துத் தொட்டிக்குக் கணக்கு: மொத்தம் 200 லிட்டர். நார்க்கழிவு 100, எரு 60, உமிக்கரி 40. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் ஆகுமாதலால், இரண்டு கட்டிகள் தாராளமாகப் போதும். கட்டியை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, நல்ல நீரில் மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும்.

திரியைக் குறித்து நெசவாளருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப் பருத்தி நூலில் மெழுகு இருப்பதால் சாயம் சரியாக ஏறாது, நீரும் அவ்வாறே. மேலும் பருத்தி ஈரத்தில் மட்கிவிடும். பாலியெஸ்டர் நூற்கழிவை முறுக்கித் திரியாக்கினால் நெடுநாள் நிலைக்கும்.

பராமரிப்பு

முதன்முறை மேலிருந்து நீர் ஊற்றிக் கலவை முழுவதையும் நனைக்க வேண்டும். காய்ந்த கலவையில் நீர் ஒழுங்காக ஏறாது. மாதம் ஒருமுறை, மிகைநீர்த் துளை வழியே நீர் நன்றாக ஓடும்வரை மேலிருந்து ஊற்றி உப்பைக் கழுவுக. மழைக்காலத்தில் இவ்வேலையை மழையே செய்துவிடும். நம் சமவெளியின் பல ஊர்களில் ஆழ்குழாய் நீர் உப்பானது. கூரை மழைநீரைச் சேர்த்து வைத்திருப்பவர் அதனைப் பயன்படுத்துவது சிறப்பு. சாயம் தோய்த்த நீரில் உப்பும் சோடாவும் உள்ளன. கஞ்சித் தண்ணீர் புளித்துவிடும். இவ்விரண்டையும் ஒருபோதும் நீரறையில் ஊற்றலாகாது.

நீர்க் குழாயின் வாயையும் மிகைநீர்த் துளையையும் கண்ணடர்ந்த வலைத்துணியால் கட்டிவைத்தல் கட்டாயம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கிய நீரில் ஒரு வாரத்திற்குள் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வளர்ந்துவிடக் கூடியது. காய்கறிக்காகத் தெருவுக்கு நோயை வரவழைக்கக் கூடாதல்லவா?

முடிவுரை

நிர்வாகக் குழுவின் கேள்விக்கு நமது விடை இதுவே: மொத்தமாக வாங்கலாம், ஆனால் மாதிரியைச் சோதிக்காமல் வாங்கலாகாது. தனியொருவர் இரண்டு கட்டி வாங்கும்போது பங்களவைக் கேட்டால் வியாபாரி பதிலளிக்க மாட்டார்; நூறு அங்கத்தினருக்காகச் சங்கம் கேட்டால் பதிலளித்தே தீருவார். 1981-இல் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் என்னும் ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கம், தனித்தனியே விற்றுவந்த உற்பத்தியாளரை ஒன்றுசேர்த்ததும் இவ்வுண்மையை ஒட்டியே.

இரண்டாம் வீட்டு அம்மாளின் கலவையை அவரும் நாமுமாகச் சாக்கில் கட்டி மூன்று முறை அலசினோம். எருவும் உமிக்கரியும் சேர்த்து மீண்டும் நிரப்பினோம். ஆடியில் நட்ட கத்தரி ஐப்பசியில் அவர் வீட்டுக் குழம்புக்குப் போதுமான அளவு காய்த்துக் கொண்டிருந்தது. முதல் வீட்டாருக்கு நமது செலவில் இரண்டு கட்டி நார்க்கழிவு வாங்கிக் கொடுத்தோம். யோசனை கூறியவர் அதன் நஷ்டத்திலும் பங்கு கொள்வதுதானே முறை.

அங்கத்தினர் வகுப்பில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. வயலில் விளைச்சல் தரும் மண், தொட்டியில் ஏன் பயன்படுவதில்லை?
2. இத்தொட்டியில் உப்பு மேற்பரப்பில் சேர்வதற்குக் காரணம் யாது? அதனை நீக்கும் வழி என்ன?
3. நம் ஊரில் கிடைக்கும் எருவும் உமிக்கரியும் எத்தகையவை? அடுத்த கூட்டத்திற்குள் மூச்சுச் சோதனை செய்து அளவுகளைக் குறித்து வருக.
4. கலவைக் கொள்முதல் பற்றிச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றுவதாயின், அதில் எந்தெந்த நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்?