மருந்து சென்றடையும் வழி



நோய்க்கு மருந்து கண்டுவிட்டால் நோய் ஒழிந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். மருந்து சென்றடைய வேண்டிய இடத்தைச் சென்றடைந்தாலன்றோ பயன்? இதற்குக் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நல்ல சான்றாகும்.

என் ஊர் நாகலாபுரம். பெரிய நோயென்றால் எங்கள் பக்கத்தார் திருப்பதிக்கோ, சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கோ செல்வர். அப்பெரியாஸ்பத்திரிக்கும் இந்நோயின் வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 1903-ஆம் ஆண்டில், சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்னும் மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் இந்நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். டம்டம்மில் நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்டதை வில்லியம் லீஷ்மன் அதே ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிட்டார். இருவர் பெயரும் இணைந்து, ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயராயிற்று.

ஒரே செல்லால் ஆன இவ்வுயிர், மணல் ஈ கடிக்கும்போது உடலிற் புகுகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவற் செல்கள் நம் உடலில் உள்ளன. அவை இதனையும் விழுங்குகின்றன. ஆனால் இது மடிவதில்லை. காவலன் வயிற்றிலேயே குடியிருந்து பெருகுகிறது! மண்ணீரல் வீங்கும், இரத்தம் குன்றும், மருத்துவம் செய்யாவிடின் பெரும்பாலும் மரணமே.

நெடுங்காலம் கைகொடுத்த ஆன்டிமனி மருந்துகள் பீகாரில் பயனற்றுப் போயின. ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து, ஒட்டுண்ணியின் மேலுறையிலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றி அவ்வுறையைத் துளைக்கும். ஆயினும் அது சிறுநீரகத்தையும் தாக்கும். நாள் விட்டு நாள், ஏறத்தாழ ஒரு மாதம் அதனை நரம்பில் ஏற்ற வேண்டும். நாட்கூலியை நம்பிய குடும்பத்திற்கு ஒரு மாதம் என்பது என்ன?

இங்கேதான் ஒரு நுண்கருவி துணைக்கு வந்தது. நம் செல்களின் உறையில் உள்ள கொழுப்புப் பொருள் நீரில் தானே மூடிய குமிழாகும் என்பதை, 1960-களில் கேம்பிரிட்ஜில் அலெக் பாங்காம் விளக்கினார். லிபோசோம் எனப்படும் இக்குமிழின் சுவரில் ஆம்போடெரிசினை வைத்தனர். குமிழின் அளவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. காவற் செல் அதனை அயற்பொருளென விழுங்குகிறது. ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் அறைக்கே மருந்து சென்று சேர்கிறது! சிறுநீரகத்திற்கு வரும் கேடும் குறைகிறது.

பீகாரின் முசாபர்பூரில் சியாம் சுந்தர் குழுவினர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், ஒரே முறை லிபோசோம் மருந்து ஏற்றியோருள் 95.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குப் பின்னும் நலமாயிருந்தனர். பழைய முறையில் 15 முறை ஏற்றியோருள் அது 96.3 விழுக்காடு. ஒரு மாதம் ஒரு நாளாயிற்று!

ஆயினும் இம்மருந்தின் விலை ஏழைக்கு எட்டாதது. உற்பத்தியாளர் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக அளித்த நன்கொடையே அதனைக் குடிசைவரை கொண்டு சேர்த்தது. செல்லின் உள்ளறைக்கு வழி கண்டது அறிவியல். ஏழையின் வாசலுக்கோ இன்னும் ஈகையை நம்பியிருக்கிறோம். குறைந்த செலவில் இக்குமிழ்களைச் செய்யும் வழி காண்பதும் ஆராய்ச்சியே. ஆய்வுக்கூடத்திற் பயிலும் நாம் அதனையும் நம் பாடமாகக் கொள்வோமாக!