வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் வேண்டாம்

கேள்வி: பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. மகளை ஒரு வருஷம் ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பினோம். காலையில் வேன் சத்தம் கேட்டாலே வாந்தி எடுத்துவிடுவாள். கடைசியில் நிறுத்திவிட்டு நானே வீட்டில் சொல்லித் தருகிறேன். நான் பி.எஸ்சி. படித்தவள். ஒன்பது மணிக்கு டைம்டேபிள் போட்டு உட்காருகிறோம். தமிழ், இங்கிலீஷ், கணக்கு என்று போகும். பத்தரைக்குள் அவள் அழுகிறாள், சின்னவன் நோட்டைக் கிழிக்கிறான், நான் கத்திவிடுகிறேன். வேலைக்குப் போய்விட்டு வரும் கணவர், 'இன்னிக்கு என்ன படிச்சா?' என்று கேட்டால் எனக்கே அழுகை வருகிறது. மாமியாரோ, 'பிள்ளையைக் கெடுக்கிறே' என்கிறார். எப்படிச் சரிசெய்வது? மறுபடி பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா?

- ஒரு வாசகி, பாகூர்

பதில்: முதலில் அந்த டைம்டேபிளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. முப்பது பிள்ளைகளை ஒரே ஆசிரியர் சமாளிக்க மணியும் பீரியடும் தேவை. உங்களிடம் இருப்பது இரண்டே பிள்ளைகள். பள்ளிகளே இதை யோசித்திருக்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, சின்ன வகுப்புப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். வீட்டில் அதைவிடச் சுலபமாகச் செய்யலாம்.

பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து சொல்லித் தரும்போது, ஆறு வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் நாள் முழுக்கச் சேர்த்து ஒரு மணி போதும். அதையும் கால் கால் மணியாகப் பிரித்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். காலை டிபன் முடிந்ததும் தமிழ், நீங்கள் காய் நறுக்கும்போது கணக்கு, மத்தியானம் தூங்கி எழுந்ததும் இங்கிலீஷ், விளக்கு வைத்த பிறகு கதை என்று வீட்டு வேலையோடு கட்டிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது. ஆனால் எதற்குப் பிறகு எது என்பது நன்றாகத் தெரியும். அந்த வரிசை தினமும் மாறாமல் இருந்தால், 'வா, உட்காரு' என்று அழைக்கும் சண்டையே பாதி குறைந்துவிடும். அவள் சலிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். இது முக்கியம்.

வேன் சத்தத்துக்கே வாந்தி எடுத்த குழந்தை அவள். நோட்டையும் பென்சிலையும் பார்த்தாலே அந்தப் பள்ளி ஞாபகம் வரலாம். ஒரு மாதம் நோட்டு வேண்டாம், பேச்சும் கதையும் விளையாட்டும் மட்டும் இருக்கட்டும். வீட்டில் இருக்கும்போதும் வாந்தி தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்துகளை அவள் எவ்வளவு அறிவாள் என்று நீங்கள் எழுதவில்லை. 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் எழுதி முடித்த பிறகுதான் வாசிப்பு என்று வைத்தால் எந்தப் பிள்ளையும் சோர்ந்துவிடும். ட, ப, ம, ர என்ற நான்கு எழுத்துகளையும் புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மரம், பட்டம், ரம்பம், பம்பரம் என்று ஐந்து சொற்கள் உடனே கிடைக்கின்றன. பம்பரம் என்று அவளே கூட்டி வாசித்த அன்று ஒரு பம்பரத்தை வாங்கிக் கையில் கொடுங்கள். அடுத்து க, ல இரண்டைச் சேர்த்தால் கடல், பகல், கப்பல் வந்துவிடும். அதற்கப்புறம் கால், கொம்பு. பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துகளைப் பெரிதாக எழுதிக்கொண்டால் போதும். அவற்றை அடுக்கி விளையாடட்டும். எழுதுவது பின்னால் வரும். முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில் விரல்பிடித்துத்தான் எழுதவைத்தார்கள். சின்ன விரல்களுக்குப் பென்சிலைப் பிடிக்கும் பலம் மெதுவாகத்தான் வரும். களிமண் பிசைந்தால் அந்தப் பலம் சீக்கிரம் கிடைக்கும். சுடுமண் சிற்பத்துக்குப் பேர்போன வில்லியனூர் உங்களுக்குத் தொலைவில்லை. மண்ணில் வேலைசெய்யும் கைகளை ஒருமுறை பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

கணக்குக்குக் கோலத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை. ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி மூன்று வரை. மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று வாசலில் வரிசைகள் விழும். மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், 19 வரும். மறுநாள் ஏழு புள்ளி வைத்து, இன்னும் எத்தனை அதிகம் என்று கேளுங்கள். பல்லாங்குழியில் 14 குழிக்கும் ஐந்தைந்து புளியங்கொட்டை போட்டால் 70. ஐந்தாம் வாய்பாடு இப்படித்தான் வலிக்காமல் ஏறும். இந்த வேலை உங்கள் மாமியாருடையது. அவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நீங்கள் அரைமணி படுத்துக்கொள்ளுங்கள். 'ஆயா கதை' நேரத்தையும் அவருக்கே கொடுங்கள். புதுவையில் வாழ்ந்து மறைந்த கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தது இப்படிப்பட்ட பெரியவர்களின் வாயிலிருந்துதான். வீட்டுப் பாடத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் அவருடைய குறையும் குறையும்.

சின்னவனைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவனைக் காலையில் அங்கன்வாடிக்கு அனுப்பிப் பாருங்கள். மூன்று முதல் ஆறு வயதுக்காரர்களுக்கான இடம் அது. பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, கூடவே நான்கு பிள்ளைகள். வேனும் வேண்டாம். அக்காவைப் படிக்க வைப்பதற்காக நாலு வயதுப் பையனை வீட்டில் அடக்கி வைப்பது அவனுக்குத்தான் கஷ்டம். அவன் மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் பாடத்தை மூடிவிட்டு ஏரிக்கரைக்குக் கிளம்புங்கள். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் கேளுங்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டு, அங்கிருந்து பங்காரு வாய்க்கால், அப்புறம் ஏரி, ஏரியிலிருந்து வயல், வயலிலிருந்து தட்டில் சோறு. ஒன்றாம் வகுப்புக்கு இதற்குமேல் சூழ்நிலையியல் வேண்டுமா? மூலநாதர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. தனக்குத் தெரிந்த எழுத்து அதில் எங்காவது தென்படுகிறதா என்று தேடட்டும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. தன் ஊர் படிப்புக்குப் பேர்பெற்ற ஊர் என்பதை அவளிடம் கதையாகச் சொல்லுங்கள். வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த வாணிதாசன் பள்ளி ஆசிரியர், கவிஞர். உங்கள் பக்கத்து வயலும் ஆறும்தான் அவருக்குப் பாடுபொருள். அவர் கவிதைகளை நூலகத்தில் கேட்டு வாங்கி, நீங்கள் உரக்க வாசியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் வெளியே போக முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது உங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அந்த நாட்களுக்கென்று பழைய துணி, பொத்தான், வண்ணக் காகிதம், சோழி எல்லாம் போட்ட ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்ற நாளில் திறக்காதீர்கள்.

மறுபடி பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் இல்லை. 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரை எந்தக் குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். ஆண்டின் நடுவில் போனாலும் இடம் மறுக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சேர்க்காதவர்களுக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. ஓர் ஆண்டு கழித்து, நடந்தே போகக்கூடிய அரசுத் தொடக்கப்பள்ளிக்கு அவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவள் சம்மதித்தால் சேர்த்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. அதுவரை தினமும் சாயங்காலம், பள்ளிவிட்டு வரும் தெருப்பிள்ளைகளோடு அவள் விளையாடியே ஆக வேண்டும். இதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பி, 'என்ன படிச்சா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, இரவுக் கதையை நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளையும் நீங்களே ஏரிக்குக் கூட்டிப் போங்கள். அன்று உங்கள் மனைவிக்கு முழு விடுமுறை கொடுங்கள்.