மருத்துவ மாணவரும் மருத்துவமனைத் தொற்றும்

மருத்துவமனையில் சேர்ந்தபின் நோயாளிக்கு ஏற்படும் தொற்று, அவருக்கு மட்டுமன்றிப் பொதுநிதிக்கும் இழப்பாகும். அவர் கூடுதல் நாட்கள் தங்க நேரிடுகிறது. விலை மிகுந்த மருந்துகள் தேவைப்படுகின்றன. அப்படுக்கைக்காகக் காத்திருக்கும் மற்றொருவரின் சிகிச்சையும் தள்ளிப்போகிறது.

இத்தொற்று பரவுவதில் மாணவருக்குள்ள பங்கு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. பிணப் பரிசோதனை முடித்து மகப்பேற்றுப் பிரிவுக்கு வந்த மாணவர், மருத்துவர் ஆகியோரின் கைகளே பிரசவக் காய்ச்சலைக் கொண்டுவந்தன என 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் முடிவு செய்தார். குளோரின் கரைசலில் கைகழுவுவதை அவர் கட்டாயமாக்கியபின் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டு மாணவர் இன்று இதனை அறியாதவர் அல்லர். 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தொற்றுத் தடுப்பு முறைகளையும் மருத்துவக் கழிவு மேலாண்மையையும் தொடக்கப் பயிற்சியிலேயே சேர்த்தது. எனினும், மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் அறிவும் மனப்பான்மையும் முன்னிற்க, நடைமுறை பின்தங்கியே காணப்படுகிறது. அந்நடைமுறையும் பெரும்பாலும் மாணவர் தாமே வினாத்தாளில் எழுதித் தந்ததாகும். அருகிலிருந்து கவனித்தால் இன்னும் குறைவாகவே இருக்கக்கூடும்.

இவ்விடைவெளியை ஒழுக்கக் குறைவாக மட்டும் கருதுவது பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கைகழுவ 40 முதல் 60 விநாடிகள் ஆகும். முப்பது நோயாளிகளைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கழுவினால் அதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் தேவை. குழாய் வார்டின் கோடியில் இருப்பின் நடைக்கும் நேரம் கூடும். ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவத்திற்கு 20 முதல் 30 விநாடிகள் போதும். கைகளில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ இல்லாதபோது இது ஏற்புடையதே. ஆகவே, படுக்கைதோறும் அத்திரவத்தை வைப்பது சொற்பொழிவுகள் பலவற்றினும் பயன் தரும். தலைமை மருத்துவர் கைகழுவாமல் அடுத்த படுக்கைக்குச் சென்றால், பின்தொடரும் மாணவர் எதைக் கற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவரின் பாதுகாப்பும் இதில் அடங்கும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடும் பழக்கம் ஊசிக்காயத்திற்கு ஒரு முக்கியக் காரணமாகும். தடுப்பூசி பெறாதவருக்கு அதன்வழி ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை செல்லக்கூடும், எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 விழுக்காடே. மாணவரிடையே அச்சம் பெரும்பாலும் பின்னதைப் பற்றியதாகவே இருக்கிறது! 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊசிகள், துளைக்க முடியாத வெண்ணிறக் கலனில் சேர வேண்டும். அக்கலன் ஊசி போடும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். வார்டுப் பயிற்சி தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் மாணவர் முடித்திருப்பதைக் கல்லூரிகள் உறுதி செய்ய வேண்டும். செய்முறைத் தேர்வில் நோயாளியைத் தொடுமுன் கைகழுவாத மாணவருக்கு மதிப்பெண் குறைக்கவும் வேண்டும்.