வேப் விளக்கு சிமிட்டினால்: க்ளியரோமைசர் இணைப்புக் கோளாறுக்குக் கைவைத்தியம்

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கருவி. காலையில் பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது, ஆவி வரவில்லை. திரை வைத்த கருவி என்றால் அட்டமைசர் (ஆவியாக்கும் பாகம்) இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். பிரிட்டனில் வேப் இழுக்கும் யாரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தைச் சொல்வார்கள். பாதிப்பேர் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிவிடுவார்கள். வேறு சிலர் வேப் கடை திறக்கும்வரை பொறுக்க முடியாமல் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் ஒரு சிகரெட் பாக்கெட்டை வாங்கிவிடுவார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக. அரும்பாடுபட்டு விட்ட புகையை ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்ட பித்தளைப் பின்னுக்காகத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை விற்கத் தடை வந்துவிட்டது. அதுவரை பழுது என்ற பேச்சே இல்லாமல் இருந்தவர்கள் இப்போது லிக்விட் ஊற்றும் டேங்க் (இதுதான் க்ளியரோமைசர்), அதற்குள் லிக்விட்டைச் சூடாக்கும் மாற்றக்கூடிய காயில், சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்று மூன்று பாகங்களோடு வாழப் பழக வேண்டியிருக்கிறது. சிகரெட்டை விட்டு இதற்கு மாறிய பெரியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். புகைக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாததல்ல என்பதுதான் என்.எச்.எஸ். சொல்வதும்.

மின்சாரம் போகும் வழியை முதலில் பார்த்துவிடுவோம். டேங்கின் அடியிலும் பேட்டரியின் தலையிலும் இருக்கும் மரைக்கு 510 என்று பெயர். ஜாய்டெக் நிறுவனத்தின் பழைய மாடல் ஒன்றின் எண் அது. பிறகு பெரும்பாலான நிறுவனங்களுக்கும் பொதுவாகிவிட்டது. 7 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. புரி இடைவெளி. நடுவில் நிற்கும் பின் பாசிட்டிவ், சுற்றியிருக்கும் மரை நெகட்டிவ். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே ஒரு சிறு சிலிகான் வளையம். மின்சாரம் பேட்டரிப் பின்னிலிருந்து டேங்கின் பின்னுக்கும், அங்கிருந்து காயிலின் அடிப்பின்னுக்கும், பிறகு கம்பிச்சுருளுக்கும் போய், மரை வழியாகத் திரும்புகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் தொடுகை விட்டாலும் விளக்கு சிமிட்டும். ஆகவே கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வருவதே சரியான முறை.

எதையும் கழற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். ஈகோ எனப்படும் பேனா வடிவப் பேட்டரிகள் பலவற்றில் பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் கருவி அணையும், மறுபடி ஐந்து முறை அழுத்தினால் உயிர்பெறும். சட்டைப்பையில் கிடக்கும்போது தானாக அணைந்துபோவது உண்டு. அணைந்திருக்கவில்லை என்றால், இப்போது நீங்களே அணைத்துவிடுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். இனி வரும் வேலை எல்லாம் அணைத்த கருவியில்தான்.

டேங்கைக் கழற்றி இரண்டு பக்க மரையையும் வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதாவது தெரிந்தால் அது காயிலிலிருந்து கசிந்த லிக்விட். ஆவி குளிர்ந்து வழிந்ததாகவும் இருக்கலாம். அது காய்ந்து, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு படலமாக நின்றுவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பின்னின் தலை, சுற்றியுள்ள பள்ளம், மரையின் புரி எல்லாவற்றையும் துடையுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. பேட்டரிக்குள் ஈரம் இறங்கினால் கோளாறு கூடும். காற்றில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். பல சமயம் இதோடு வேலை முடிந்துவிடும்.

இந்தப் படலத்தைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். 1.8 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் சுமார் 7.6 வாட் கிடைக்கும். அழுக்கால் தொடுமிடத்தில் 0.3 ஓம் கூடினால் காயிலுக்குப் போவது சுமார் 5.6 வாட்தான். கால்வாசிக்கு மேல் போய்விட்டது. ஆவி மெலிந்துவிட்டது, லிக்விட்டில் சுவை இல்லை என்று புலம்புகிறவர்கள் லிக்விட்டை மாற்றுமுன் மரையைத் துடைத்துப் பார்க்கலாம்.

துடைத்தும் சரியாகவில்லையா? அப்படியானால் பேட்டரியின் பின் இறங்கியிருக்கலாம். க்ளியரோமைசர் கோளாறுகளில் அடிக்கடி வருவது இதுதான், காரணம் நம் கைதான். கசியாமல் இருக்கட்டும் என்று டேங்கை இறுக்கித் திருகுகிறோம். ஒவ்வொரு தடவையும் டேங்கின் பின் பேட்டரியின் பின்னைக் கீழே தள்ளுகிறது. சிலிகான் வளையம் அமுங்கிக்கொண்டே போய், ஒருநாள் இரண்டுக்கும் தொடுகை விட்டுவிடுகிறது. ஈகோ பேட்டரிகளில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சார்ஜரும் அதே மரையில்தான் பொருந்துகிறது. தீர்ந்துபோன பேட்டரியை மாட்டியும் சார்ஜரில் ஏறுவதற்கான சிவப்பு விளக்கு வராமல் பச்சையிலேயே நின்றால், பின் சார்ஜரையும் தொடவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

மரத்தாலான பல்குத்தும் குச்சி ஒன்றை எடுங்கள். பின்னின் விளிம்புக்கு அடியில் நுழைத்து, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மெல்ல நெம்புங்கள். அரை மில்லிமீட்டர் மேலே வந்தாலே போதும். ஒரே பக்கமாக இழுத்தால் பின் சாய்ந்து மரையைத் தொட்டு ஷார்ட் ஆகும். அளவுக்கு மீறி இழுத்தால் அடியில் பற்றவைத்த கம்பி அறுந்துவிடும், அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை. ஊசி, குண்டூசி, கத்திமுனை எதுவும் வேண்டாம். புதிய கருவிகள் பலவற்றில் பின்னுக்கு அடியில் ஸ்ப்ரிங் இருக்கும். அதை நெம்பாதீர்கள்; குச்சியால் அழுத்திப் பாருங்கள். கீழே போய்த் தானாக மேலே வந்தால் நல்லது. ஒட்டிக்கொண்டு நின்றால் ஆல்கஹாலால் துடைத்து நாலைந்து முறை அழுத்திவிடுங்கள்.

பேட்டரிப் பக்கம் சரியாக இருந்தால் அடுத்தது காயில். டேங்கைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைத் திருகிக் கழற்றுங்கள். லிக்விட்டில் நிக்கோட்டின் இருப்பதால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. காயில் அடிப்பாகத்தில் கடைசி வரை இறங்கியிருக்கிறதா? அதன் அடியிலும் ஒரு பின்னும் சிலிகான் வளையமும் உண்டு. அந்தப் பின் வெறுமனே செருகப்பட்டதுதான், கழன்று விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. காயிலை மாற்றியதுமே சிமிட்டத் தொடங்கியது என்றால் இங்கேதான் கை வைக்க வேண்டும். புதுக் காயில் என்றால் பஞ்சில் சில சொட்டு லிக்விட் விட்டு, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். வறண்ட பஞ்சில் பொத்தானை அழுத்தினால் முதல் இழுப்பிலேயே கருகிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே தேவையில்லை. ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை டேங்கின் அடிப்பின்னிலும் மற்றதை மரையிலும் வையுங்கள். காயிலில் அச்சிட்ட எண்ணுக்கு அருகில் காட்டினால் டேங்க் நலமாக இருக்கிறது. கோளாறு பேட்டரிப் பக்கம். எண்ணே வராவிட்டால் எங்கோ தொடுகை அறுந்திருக்கிறது. சைபரை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அந்தக் காயிலைத் தூக்கிப் போடுங்கள், மறுபடி முயலவே வேண்டாம். டேங்கை அசைக்கும்போது எண் தாவினால் லூஸ் கான்டாக்ட்: சாய்த்துப் பிடித்தால் வேலை செய்யும், நேராகப் பிடித்தால் நின்றுவிடும் என்று பலர் சொல்வது இதைத்தான்.

திரும்ப மாட்டும்போது கண்ணாடியைப் பிடித்துத் திருகாமல் உலோக அடிப்பாகத்தைப் பிடித்துத் திருகுங்கள். தடை உணர்ந்ததும் நிறுத்துங்கள். இரண்டு விரலின் பலம் போதும். மரையோரமாகவே காற்று உள்ளே போகும் டேங்குகளும் உண்டு. அவற்றை இறுக்கினால் இழுக்கவே மூச்சு முட்டும்.

கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால், பயன்படுத்தாதபோதே சூடானால், மேலுறை கிழிந்திருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், பழுது பார்க்கும் பேச்சு வேண்டாம். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியிலேயே தீப்பிடிக்கலாம். வேப் விற்கும் கடைகளே பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவை. கருவியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றில் போடக் கூடாது; சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதும் கூடாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பினால் கருவியை லண்டனிலேயே விட்டுச் செல்லுங்கள்.

வீட்டில் எப்போதும் ஒரு மாற்றுக் காயில், கொஞ்சம் பஞ்சுக்குச்சி, அவற்றோடு ஓர் அட்டை நிக்கோட்டின் கம் வைத்திருங்கள். பின்னை நிமிர்த்தியும் கருவி எழவில்லை என்றால் அன்றிரவைக் கம்மோடு கடத்துங்கள். சிகரெட் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.