சமிதி ஏரிக்குப் போகிறீர்களா? ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள்

கொல்கத்தா கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். சியால்தாவில் இரவு ரயில் ஏறினால், மறுநாள் மாலைக்குள் சிக்கிமின் யுக்சோமில், ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். அங்கிருந்து கோயேச்சா லா பாதையில் சில நாள் நடந்தால் வருவது சமிதி ஏரி. உயரம் சுமார் 4,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொல்கத்தாவில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். உடல் அதற்குப் பழக நாள் வேண்டும், இல்லாவிட்டால் உயர நோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் தூங்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தப் பாதையிலோ சோக்கா முகாமிலிருந்து ஜோங்ரி முகாமுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறார்கள். அதனால் ஜோங்ரியில் ஓய்வு நாள் இல்லாத பயணத் திட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்காதீர்கள்.

தினமும் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி ஓடுகிறோமே, எங்களுக்கென்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். ஓட்டமும் மாடிப்படி ஏறுவதும் காலுக்கும் மூச்சுக்கும் நல்லவை. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ஆனால் உடல்திறன் உயர நோயைத் தடுப்பதில்லை. வேகமாக ஏற முடிகிறவர்கள் அந்த வேகத்தாலேயே நோயை வரவழைத்துக்கொள்வதும் உண்டு. மாத்திரை போதாதா? அசிட்டசோலமைடு உதவும்தான், மருத்துவரைக் கேட்டே எடுங்கள், ஆனால் அது ஓய்வு நாளுக்கு மாற்றல்ல. அந்த ஒரு நாள் லீவு கிடைக்காதவர்கள் இதைவிடத் தாழ்வான, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்குப் போவதே நியாயம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் பாதிக்கப்பட்டவரைத் துணையோடு கீழே இறக்குங்கள்.