சாவகத்துக் கற்கோயில்கள்

கீழ்த்திசைக் கடலிலே இந்தோனேசிய நாட்டைச் சார்ந்த தீவுகளுள் ஒன்று சாவகம். இன்று ஜாவா என வழங்கும் அப்பெயரைச் சீத்தலைச் சாத்தனார் தம் மணிமேகலையில் சாவகம் என்றே குறித்துள்ளார். எரிமலைகள் பல நிறைந்த அத்தீவின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், பெருங்கோயில்கள் இரண்டு எழுந்தன. ஒன்று புத்தர் பெருமானுக்குரிய போரோபுதூர். மற்றொன்று சிவபெருமானுக்குரிய பிரம்பானான். இரண்டும் எரிமலைக் கல்லால் ஆனவை. சாந்தின்றிக் கல்லோடு கல் பொருத்திக் கட்டப்பெற்றவை. இரண்டும் சிதைந்தன, இரண்டும் மனித முயற்சியால் மீண்டும் நிமிர்ந்தன.

போரோபுதூரைக் கட்டுவித்தோர் சைலேந்திர மரபினர். ஏனைக் கோயில்களைப் போல அது கருவறையும் மண்டபமும் உடையதன்று. உள்ளே புகுந்து வழிபட அங்கு இடமில்லை. சுற்றிச் சுற்றி மேலேறி வழிபடுவதற்கே இடமுண்டு. இயற்கையாய் அமைந்த குன்று ஒன்றினை நடுவே கொண்டு, அதன்மேல் கற்களை அடுக்கி, மலைபோல் அதனை அமைத்தனர். கீழே சதுர மேடைகள் ஆறு. அவற்றின்மேல் வட்ட மேடைகள் மூன்று. உச்சியில் மணி வடிவான பெருந்தூபி ஒன்று.

அடியவர் கிழக்கு வாயிலிற் புகுந்து, கோயிலைத் தமக்கு வலப்பக்கமாகக் கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் வலம் வந்து மேலேறுவர். சதுர மேடைகளில் இருபுறமும் உயர்ந்த சுவர்கள் உள்ளன. அங்கு நடப்போர்க்குச் சுவரிலுள்ள சிற்பங்களேயன்றி வெளியுலகம் தோன்றாது. புத்தரின் பிறப்பும் துறவும், அவர் முற்பிறவிகளில் செய்த நற்செயல்களும், மெய்ஞ்ஞானம் நாடி ஊர்தோறும் ஆசிரியரைத் தேடித் திரிந்த சுதனன் என்னும் இளைஞனின் வரலாறும் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. உழுவோரும் ஆடுவோரும் அங்கு உளர். பாய் விரித்து அலைமீது செல்லும் மரக்கலங்களும் உள. கதை கூறும் சிற்பப் பலகைகள் மட்டும் 1,460 ஆகும்.

சதுர மேடைகளைக் கடந்து வட்ட மேடையை அடைந்ததும் காட்சி முற்றும் மாறுகின்றது. அங்கே சுவரில்லை, கதையில்லை, மேலே திறந்த வானமே உள்ளது. மூன்று மேடைகளிலும் முறையே 32, 24, 16 ஆக 72 தூபிகள் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றின் சல்லடை போன்ற துளைகளின் வழியே உள்ளிருக்கும் புத்தர் திருவுருவங்கள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் தோன்றும். உச்சியிலுள்ள பெருந்தூபியோ துளையின்றி மூடப்பட்டது. ஆசை உலகம், உருவ உலகம், அருவ உலகம் எனப் பௌத்தர் கூறும் மூன்றனையும் ஒருவன் தன் காலால் நடந்தே உணருமாறு அமைத்த அறிவு வியக்கத்தக்கது.

இவற்றுள் ஆசை உலகத்தைக் காட்டும் 160 சிற்பப் பலகைகள் அடித்தளத்தில் மறைந்துள்ளன. அவை வினைப்பயனை விளக்குவன. அவற்றை மறைத்து வெளியே அகன்ற கற்படை ஒன்று போடப்பட்டிருத்தலை 1885ஆம் ஆண்டில் டச்சுப் பொறியாளர் ஒருவர் கண்டறிந்தார். மேலுள்ள பாரத்தால் அடித்தளம் சரியாதபடி தாங்குதற்கு அது போடப்பட்டிருக்கலாம் என்பர் அறிஞர். அப்பலகைகள் சிலவற்றில் சிற்பிகளுக்கு வழிகாட்டப் பொறித்த சிறு சொற்கள் உள்ளன. அவற்றின் எழுத்து வடிவைக் கொண்டே இக்கோயிலின் காலம் உய்த்துணரப்பட்டது. அவ்வெழுத்துப் பல்லவர் எழுத்தின் வழிவந்தது என்பது கருதத்தக்கது.

பிரம்பானான் வேறு வகையில் சிறந்தது. அங்குச் சிவன் கோயில் 47 மீட்டர் உயர்ந்து நடுவே நிற்க, இருபுறமும் பிரமனுக்கும் திருமாலுக்கும் கோயில்கள் உள்ளன. இராமன் கதை சிவன் கோயிற் சுற்றில் தொடங்கிப் பிரமன் கோயிலில் முடிகின்றது. சிவன் கோயிலின் தென்புற அறையில் வீற்றிருப்பவர் அகத்திய முனிவர். பொதிகை மலையோடு இயைத்துத் தமிழர் போற்றும் முனிவரே அவர். இக்கோயிலுக்கு வடக்கே நடந்து செல்லும் தொலைவில் செவு என்னும் பெரும் பௌத்தக் கோயிலும் உள்ளது. இரு சமயத்தாரும் ஒரே சமவெளியில், ஒரே வகைக் கல்லில், ஒத்த கலைத்திறத்தால் தத்தம் கோயிலை எழுப்பினர்.

காலப்போக்கில் இரண்டும் கைவிடப்பட்டன. நிலநடுக்கம் பிரம்பானானை வீழ்த்தியது. மண்ணும் மரஞ்செடிகளும் போரோபுதூரை மூடின. 1814ஆம் ஆண்டில் சாவகத்தை ஆண்ட ராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதனைக் கேள்வியுற்றுக் காடழிப்பித்தார். எனினும் போரோபுதூருக்கு உட்பகை ஒன்று இருந்தது, அதுவே நீர். மழைநீர் கல்லிடுக்கின் வழியே உள்மண்ணில் ஊறியதால் சுவர்கள் சாய்ந்தன. சிற்பங்களில் பாசி படர்ந்தது. 1907 முதல் 1911 வரை வான் எர்ப் என்பார் செய்த திருப்பணியும் அதனை முற்றும் நீக்கவில்லை. பின்னர் 1975 முதல் 1982 வரை, யுனெஸ்கோவின் துணையோடும் பல நாட்டார் பொருளோடும், சதுர மேடைகளின் கற்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, தூய்மை செய்து, உள்ளே நீர் வடியும் குழாய்களைப் பதித்து, மீண்டும் அவ்வவ் விடத்திலேயே அடுக்கினர். பிரம்பானானிலும் சிதறிக் கிடந்த கற்களைப் பொருத்திப் பார்த்துச் சேர்த்துச் சிவன் கோயிலை 1953இல் எழுப்பி முடித்தனர். பழைய கற்களுட் பெரும்பகுதி கிடைத்த கோயிலையே மீளக் கட்டுவது என்பது அவர்தம் நெறி. அதனால் அங்குள்ள சிறு கோயில்களுட் பல இன்றும் கற்குவியலாகவே கிடக்கின்றன; இல்லாததைப் புனைந்து கட்ட அவர்கள் விரும்பவில்லை.

சைலேந்திர மரபில் தோன்றிய மாரவிசயோத்துங்கவர்மன் என்னும் அரசன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தை எடுத்தான். சிவநெறிச் செல்வனாகிய முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அவ்விகாரம் இன்று இல்லை. அந்நகரில் எஞ்சி நின்ற பழங்கோபுரம் ஒன்றும் 1867ஆம் ஆண்டில் அரசின் இசைவோடே இடிக்கப்பட்டது. மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தப் படிமங்களே அங்கு நிலவிய அறத்திற்குச் சான்றாய் உள்ளன.

சாவகத்திற் சரிந்த கல்லையும் எடுத்து நிறுத்தினர். நாகையில் நின்ற கோபுரத்தையும் வீழ்த்தினர். எரிமலையும் மழையும் செய்யும் கேட்டைப் பொறுமையுள்ள கைகள் திருத்த வல்லன. மனிதரின் அசட்டையால் அழிந்ததை மீட்டல் அரிது. தம் ஊரிலுள்ள பழங்கோயிலின் சுவரில் முளைத்த ஆலங்கன்றை உடனே களைபவரும், கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசாது காப்பவரும் அத்தகைய திருப்பணியையே செய்தவர் ஆவர்.