ஒரு சின்னக் கோடு

மைசூரில் சயாஜி ராவ் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தேவராஜா மார்க்கெட். பூ, வெற்றிலை, வாழைப்பழம் என்று எப்போதும் கூட்டம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கே.ஆர். ஆஸ்பத்திரி வரும். அதன் பக்கத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரி. மைசூர் மாவட்டத்திலிருந்து மட்டும் அல்ல, மண்டியா, சாமராஜநகர், குடகு பக்கத்திலிருந்தும் பிரசவத்துக்கு இங்கே வருகிறார்கள்.

இப்படி வரும் பெண்களின் கையில் ஓர் அட்டை இருக்கும். கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்பார்கள். கர்ப்பம் தரித்ததும் ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்கிறார்கள். அங்கே கொடுக்கும் அட்டை அது. எடை, ரத்த அழுத்தம், ரத்த வகை, போட்ட ஊசி எல்லாம் அதில் இருக்கும்.

அதே விவரங்கள் இப்போது கணினியிலும் ஏறுகின்றன. அதில் ஏற்றுபவர் செவிலியர். நாம் நர்ஸம்மா என்றும் சிஸ்டர் என்றும் கூப்பிடுகிறோமே, அவர்தான்.

கணினியில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்குமா? ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். மகன் கட்டட வேலைக்குப் போகிறான். மருமகளுக்கு ஐந்தாவது மாதம். அவள் போன வருஷம்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாள். தமிழ் எழுத்தும் எண்களும் நன்றாகத் தெரியும். கன்னட எழுத்து தெரியாது. ஒருநாள் மாமியாரும் மருமகளும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

செவிலியர் கையில் ஒரு டேப் இருந்தது. சிலேட்டு அளவில் ஒரு சின்னக் கணினி. அதைத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"கார்டு தாம்மா" என்றார்.

மருமகள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். அதற்குள் மடித்து வைத்திருந்த பழைய சீட்டு ஒன்று கீழே விழுந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு. எடுத்துப் பார்த்தாள். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அட்டையைப் பார்த்தாள். அதே வட்டம், பக்கத்தில் கூட்டல் குறி.

"சிஸ்டர், சீட்டிலே கோடு ஒண்ணுதான் இருக்கு. கார்டிலே கூட்டல் போட்டிருக்கே?"

"ஏன் கண்ணு, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது? சும்மா இரு" என்றாள் மாமியார்.

செவிலியர் கோபப்படவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். டேப்பைத் திறந்து பார்த்தார். அதிலும் கூட்டல் குறிதான் இருந்தது. "இன்னொரு தடவை ரத்தம் பார்த்துடலாம்மா" என்றார்.

மறுபடி பார்த்தார்கள். ஓ நெகட்டிவ். சீட்டில் இருந்ததுதான் சரி. அட்டையில் எழுதியவர் கை தவறிக் கூட்டல் போட்டுவிட்டார். அட்டையைப் பார்த்துக் கணினியில் ஏற்றியபோது தவறும் சேர்ந்து ஏறிவிட்டது.

"ஒரு கோட்டுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டாள் மாமியார்.

கோட்டுக்குத்தான். ஏன் என்று பார்ப்போம்.

ரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு. கூட்டல் குறி இருந்தால் பாசிட்டிவ். கோடு மட்டும் இருந்தால் நெகட்டிவ். நம் நாட்டில் பெரும்பாலோர் பாசிட்டிவ். நெகட்டிவ் உள்ளவர்கள் குறைவு. நெகட்டிவ் என்பது நோய் இல்லை, குறையும் இல்லை.

ஆனால் தாய் நெகட்டிவாக இருந்து, தகப்பன் பாசிட்டிவாக இருந்தால், குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியமாக நினைக்கும். அதை எதிர்க்கும் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால்தான் ஆபத்து. தாயின் உடம்பில் உள்ள எதிர்ப்புப் பொருள் அந்தக் குழந்தையின் ரத்தத்தை அழிக்கத் தொடங்கும். குழந்தைக்கு ரத்தசோகை வரும், கடுமையான மஞ்சள் காமாலை வரும். வயிற்றிலேயே இறந்துபோவதும் உண்டு.

இதைத் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. ஆன்டி-டி என்று பெயர். பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தாய்க்கு அதைப் போட வேண்டும். ஏழாம் மாதத்தில் ஒரு முறை போடுவதும் உண்டு. கருச்சிதைவு ஆனாலும் நெகட்டிவ் தாய்க்கு இந்த ஊசி தேவைப்படலாம். அட்டையில் கூட்டல் குறி இருந்தால், ஊசியைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

கணினி எதற்கு?

முன்பெல்லாம் செவிலியரின் பையில் தடித் தடியாகப் பதிவேடுகள் இருக்கும். ஒரு பெண்ணுக்கு எப்போது ஊசி என்று தெரிய வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த ஏட்டால் பயன் இல்லை. 2009-ஆம் ஆண்டில் மத்திய அரசு தாய்மாரையும் குழந்தைகளையும் பெயர் பெயராகக் கணினியில் பதியும் முறையைக் கொண்டுவந்தது. 2016-இல் செவிலியரின் டேப்புக்காக அன்மோல் என்ற செயலி வந்தது. பதிந்த ஒவ்வொரு தாய்க்கும் ஓர் எண் உண்டு. ஆர்.சி.எச். எண் என்று அதற்குப் பெயர். 12 இலக்கம்.

இந்த மாதம் யாருக்கு ஊசி, யாருக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது என்று கணினி பட்டியல் காட்டும். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்கும் கீழே போனால் மிகவும் ஆபத்து. இப்படிப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்து வைத்தால் செவிலியர் அவர்கள் வீட்டுக்கு முதலில் போகலாம்.

எழுதி வைப்பது செவிலியருக்குப் புதிய வேலை இல்லை. 1854-இல் கிரிமியா போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கப் போனார் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கு ஏந்திய அம்மையார் என்று அவரைச் சொல்வார்கள். விளக்கு மட்டும் அல்ல, அவரிடம் கணக்கும் இருந்தது. எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு. காயத்தால் இறந்தவர்களைவிட நோய் தொற்றி இறந்தவர்களே அதிகம் என்று அது காட்டியது. 1858-இல் அவர் அதைப் படமாக வரைந்து வெளியிட்டார். சுத்தம் வேண்டும் என்று அரசை வற்புறுத்த அந்தக் கணக்கு உதவியது.

மைசூர் மாவட்டத்திலேயே இன்னொரு செய்தி உண்டு. காட்டோரத்தில் சரகூரு என்ற ஊர். அங்கே விவேகானந்தா நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதைப் பெங்களூரில் உள்ள நாராயண ஹிருதயாலயாவோடு செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். இஸ்ரோ அதற்கு உதவியது. நெஞ்சுவலி வந்தவரின் இ.சி.ஜி.யைப் பெங்களூர் டாக்டர் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. இ.சி.ஜி. எடுக்கும்போது நோயாளியின் நெஞ்சில் கம்பிகளைச் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். இடம் மாறினால் கோடும் மாறும். அந்த வேலையைச் செயற்கைக்கோள் செய்யாது. நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும்.

வார்டில் படுத்திருக்கும்போது

கட்டில் பக்கத்தில் சின்னத் திரை இருக்கும். நாடித் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் காட்டும். எண் குறைந்தால் கத்தும். உடனே பயப்பட வேண்டாம். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அது கத்தும். நல்ல செவிலியர் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் திரையைப் பார்ப்பார். ஆனால் அது கத்தினால் செவிலியரைக் கூப்பிடுங்கள். நீங்களே அணைத்துவிடாதீர்கள்.

ஊசி போட வரும்போதெல்லாம் செவிலியர் பெயர் கேட்பார். "காலையிலேதானே சொன்னேன்?" என்று சலித்துக்கொள்கிறோம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்தையும் பார்த்த பிறகே அவர் மருந்து கொடுக்க வேண்டும். ஒரே வார்டில் மூன்று லட்சுமி இருப்பார்கள். மைசூரில் கேட்கவே வேண்டாம். தமிழ் லட்சுமி, கன்னட லட்சுமி, தெலுங்கு லட்சுமி! சில ஆஸ்பத்திரிகளில் கையில் எண் பட்டை கட்டுகிறார்கள். பட்டை இருந்தாலும் பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதே நல்லது. ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் செவிலியர் பதிவேட்டிலும் எழுதுகிறார், அதையே டேப்பிலும் ஏற்றுகிறார். இரட்டை வேலை. நோயாளியோடு பேசும் நேரம் அதில் போய்விடுகிறது. டேப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நாமும் அவரைத்தான் குறை சொல்கிறோம்.

இன்னொன்று. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் பதிவு செய்யும் இடத்தில் செவிலியர் கேட்கலாம். எதற்கு என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவர் போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

இனி அந்த மருமகளிடம் போவோம். எட்டாம் மாதம் ஆனது. தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். சாமராஜநகர், ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலம். மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அட்டையையும் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். 12 இலக்க எண்ணை ஒரு காகிதத்தில் தனியாக எழுதி மாமியாரிடம் கொடுத்தாள்.

"இது எதுக்கு எனக்கு?"

"கார்டு தொலைஞ்சா நீங்க போன்லே சொல்லணும் அத்தை."

தாய் வீட்டில் இறங்கிய மறுநாளே கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்தாள். தமிழ்நாட்டில் இந்தப் பதிவைப் பிக்மி என்பார்கள். அட்டை கன்னடத்தில் இருந்தது. ஆனால் எடை, அழுத்தம், தேதி எல்லாம் எண்கள்தானே! ரத்த வகைக்கு எதிரே வட்டமும் கோடும். செவிலியர் படித்துப் பார்த்து, ஆன்டி-டி ஊசிக்கு இப்போதே சொல்லி வைத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் பாசிட்டிவ். மறுநாள் காலையில் தாய்க்கு ஊசி போட்டார்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள ஆஸ்பத்திரி அட்டையை எடுங்கள். பெயர், வயது, ரத்த வகை மூன்றையும் படியுங்கள். பரிசோதனைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். நீங்களே அடித்துத் திருத்த வேண்டாம்.